கூகிளாண்டவருக்கு எதற்கு இடைத்தரகர்?

வெள்ளக்கடையில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி. காபி விலை ஒரு வருஷம் தூக்கும், மறு வருஷம் படுக்கும். அதை மட்டும் நம்பிக் குடும்பம் ஓட்ட முடியாது என்று தோட்டத்துக்குள்ளேயே மூன்று அறை கட்டி 'ஹோம்ஸ்டே' என்று போர்டு மாட்டினார். சேலத்தில் தெரிந்த பையன் ஒருவன் வெப்சைட் போட்டுக் கொடுத்தான். ஐந்து பக்கம், பத்துப் படம், ஒரு போன் நம்பர். அதோடு சரி.

ஆறு மாதம் ஆச்சு. போன் வந்தபாடில்லை. கூகிளில் 'ஏற்காடு ஹோம்ஸ்டே' என்று தட்டினால் முதலில் விளம்பரம், அப்புறம் வரைபடம், அப்புறம் அறை பதிவு செய்யும் பெரிய பெரிய தளங்கள். ஐந்தாம் பக்கம் வரை போயும் தன் தளத்தைக் காணோம். அப்போதுதான் அந்த போன் வருகிறது.

"சார், உங்க சைட்டை கூகிள்ல ஃபர்ஸ்ட் பேஜுக்குக் கொண்டு வந்துடறோம். மூணே மாசம். கியாரண்டி. மாசம் எட்டாயிரம்தான் சார். ஐநூறு பேக்லிங்க் ஃப்ரீ!"

இந்த வெள்ளக்கடைக்காரர் கற்பனை. அந்த போன் கற்பனை இல்லை. சொந்தமாக ஒரு தளமும் அதில் ஒரு நம்பரும் வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கும் விடுதி, மளிகைக்கடை, டியூஷன் சென்டர் யாராக இருந்தாலும். போன் வராவிட்டால் மின்னஞ்சலாவது வந்திருக்கும்.

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அந்த கியாரண்டி டுபாக்கூர். அதற்குக் கொடுக்கிற பணம் பெரும்பாலும் வீண். சில சமயம் வீணை விட மோசம், சூனியத்தைச் சொந்தச் செலவில் வைத்துக்கொள்வது. ஒரு சின்ன வியாபாரி தேடுதலில் மேலே வர வழி இருக்கிறது. அது விற்பனைக்குக் கிடைக்காது, அவர் கையில்தான் இருக்கிறது.

யார் வீட்டுச் சரக்கு?

முதலில் அந்த முதல் இடம் யாருடையது? கூகிளுடையது. போன் செய்தவருடையது அல்ல. தன் கையில் இல்லாத சரக்குக்கு பில் போடுவதை எந்தக் கணக்கு வாத்தியாரும் வியாபாரம் என்று சொல்லமாட்டார்.

கூகிள் தன் உதவிப் பக்கங்களிலேயே இதைச் சொல்கிறது: முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, தருவதாகச் சொல்பவரிடம் ஜாக்கிரதை. வரைபடத்தோடு வரும் உள்ளூர்க் கடைகளின் பட்டியல் பற்றியும் அதே கதைதான். காசு கொடுத்து அங்கே மேலே ஏற வழியில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது.

கோயில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக இரண்டு நேர்மையான வழி உண்டு. ஒன்று தர்ம தரிசன வரிசை. இன்னொன்று கவுண்டரில் ரசீதோடு கிடைக்கும் சிறப்பு தரிசன டிக்கெட். கூகிளில் அந்த டிக்கெட்டுக்குப் பெயர் விளம்பரம். 'ஸ்பான்சர்டு' என்று மேலே போட்டிருக்கும். பணம் கட்டும்வரை நிற்கலாம், நிறுத்தினால் இறங்கவேண்டும், ஒளிவுமறைவு இல்லை. மூன்றாவது ஆள் ஒருவர் வாசலில் நின்றுகொண்டு "நம்மாளு உள்ளே இருக்கார், எட்டாயிரம் குடுங்க" என்பார். அவரைக் கோயிலுக்கும் தெரியாது, சாமிக்கும் தெரியாது.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. "முதல் பக்கம் கொண்டுவந்தாச்சு சார், பாருங்க" என்று மூன்றாம் மாதம் ஒரு படம் அனுப்புவார்கள். எந்தச் சொல்லுக்கு என்று பாருங்கள். கடையின் சொந்தப் பெயரைப் போட்டுத் தேடியிருப்பார்கள்! உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயரைப் போட்டால் அந்தத் தளம் முதலில் வராமல் வேறு எது வரும்? அது அவர்கள் வராமலே வந்திருக்கும்.

எட்டாயிரத்துக்கு என்ன தருவார்கள்?

எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். தளம் வேகமாகத் திறக்கிறதா, செல்போனில் ஒழுங்காகத் தெரிகிறதா, கூகிளின் இயந்திரம் பக்கங்களைப் படிக்க முடிகிறதா என்று சரிபார்த்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மெக்கானிக் வேலை. செய்த வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், கியாரண்டி பேசமாட்டார்கள். பேசுகிறவர்கள் விற்கும் சரக்கு பெரும்பாலும் நாலு வகை.

1. ஜல்லி. "ஏற்காடு ஹோம்ஸ்டே தேடுகிறீர்களா? ஏற்காடு ஹோம்ஸ்டேயில் சிறந்த ஏற்காடு ஹோம்ஸ்டே எங்கள் ஏற்காடு ஹோம்ஸ்டே" என்று ஒரே சொல்லைப் போட்டு ரொப்புவது. 1990களின் தேடுபொறிகள் இதற்கு மயங்கின. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும் 'மெட்டா கீவேர்டு' பட்டியலையும் அப்போது மதித்தார்கள். அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகிள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. அதற்குப் பிறகும் கொட்டேஷனில் 'மெட்டா கீவேர்டு' என்று ஒரு வரி இருந்தால் அந்தத் தாளில் வடை மடிக்கலாம்.

2. சுட்டி வியாபாரம். 1998ல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் கண்டுபிடித்த விஷயம் எளிமையானது. ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் சுட்டி கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. நல்ல பெயருள்ள இடத்திலிருந்து வரும் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம். ஊரில் பெரியவர் ஒருவர் "அந்தக் கடையில வாங்கு" என்று சொல்வது மாதிரி. உடனே சிபாரிசை விலைக்கு விற்க ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த 'ஐநூறு பேக்லிங்க்' இதுதான். சம்பந்தா சம்பந்தமில்லாத தளங்களில் மூலையில் ஒட்டப்படும் சுட்டி.

இதன் பலன் என்ன? அமெரிக்காவின் ஜே.சி.பென்னி பெரிய துணிக்கடை நிறுவனம். 2010 கடைசியில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அவர்கள் தளம் உச்சியில் நின்றது. நூற்றுக்கணக்கான தளங்களில் காசுக்கு ஒட்டப்பட்ட ஆயிரக்கணக்கான சுட்டிகள்தான் காரணம் என்று 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூகிள் கை வைத்ததும் முதலிடத்தில் இருந்த சில சொற்களில் சில மணி நேரத்துக்குள் அறுபது, எழுபதாவது இடத்துக்கு விழுந்தார்கள். 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்று ஒரு மாற்றம் வந்தது. இப்படிச் சுட்டி வாங்கிய தளங்களைக் குறிவைத்தே வந்தது.

இதைவிட சுவையான கதை ஒன்று உண்டு. 2012 ஜனவரியில் கூகிளின் குரோம் உலாவிக்காக ஒரு விளம்பர ஏற்பாட்டில் காசு வாங்கி எழுதிய பக்கங்களிலிருந்து சுட்டி போனது தெரியவந்தது. கூகிள் என்ன செய்தது? தன் சொந்த குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாளைக்குக் கீழே தள்ளியது. தன் பிள்ளைக்கே பிரம்படி கொடுத்த வாத்தியார், வெள்ளக்கடைக்காரரைத் தடவிக் கொடுப்பாரா?

3. வாசல் பக்கங்கள். இயந்திரத்துக்கு ஒரு பக்கம், மனிதனுக்கு வேறொரு பக்கம். 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூ காரின் ஜெர்மன் தளம் இதைச் செய்து மாட்டிக்கொண்டது. 'பழைய கார்' என்ற சொல்லை ரொப்பிய பக்கங்களை இயந்திரத்துக்குக் காட்டி, வந்தவர்களை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே கூகிள் பட்டியலிலிருந்து தூக்கியது. பிஎம்டபிள்யூ என்பதால் சரிசெய்துவிட்டுச் சில நாளில் திரும்பி வந்தார்கள். மூன்று அறை வைத்திருப்பவருக்காக யார் கூகிளிடம் போய்ப் பேசுவது?

நம்மூர் வடிவம் இது: 'சேலம் ஹோம்ஸ்டே', 'ஓமலூர் ஹோம்ஸ்டே', 'தர்மபுரி ஹோம்ஸ்டே' என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை ஐம்பது தடவை போடுவது. இப்போது அதை எழுத ஆள்கூட வேண்டாம், செயற்கை நுண்ணறிவு ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு பக்கம் துப்பும். 2024 மார்ச்சில் கூகிள் கொண்டுவந்த விதிகளில் ஒன்று இதற்கென்றே வந்தது. மனிதன் எழுதினாலும் மெஷின் எழுதினாலும், தேடுதலை ஏமாற்ற மொத்தமாகக் கொட்டிய பக்கங்கள் குப்பை என்கிறது அது.

4. போலி விமர்சனம். வந்து தங்காதவர் போடும் ஐந்து நட்சத்திரம். இதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம், பச்சைப் பொய். இணைய விமர்சனங்கள் எப்படி இருக்கவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்று ஒரு தர நிர்ணயமே வெளியிட்டது, தொல்லை அந்த அளவுக்கு முற்றிப்போய்விட்டது.

சரி, கணக்குப் போடலாம்

மாதம் எட்டாயிரம். வருஷத்துக்கு 96,000. ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 2,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். துணி துவைக்க, காலைச் சாப்பாடு, கரண்டு, கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குச் சம்பளம் எல்லாம் போக 1,200 மிஞ்சும். 96,000ஐ 1,200ஆல் வகுத்தால் 80. எண்பது அறை-இரவுகள் கூடுதலாக நிரம்பினால்தான் கொடுத்த காசு திரும்பும். லாபம் எண்பத்தொன்றிலிருந்துதான்.

எண்பது சின்ன எண்ணா? மூன்று அறை, 52 வாரம், சனி ஞாயிறு இரண்டு இரவு. மொத்தம் 312. வருஷத்தின் எல்லா வார இறுதிகளிலும் கால் பங்குக்கு மேல் அந்த போன் ஆசாமிக்காகவே ஓடவேண்டும். அதுவும் வரும் என்று ஒரு நிச்சயமும் இல்லாத கூட்டத்தை நம்பி.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். வாங்கின சுட்டி சொத்து அல்ல. இன்று இருக்கும், நாளை விற்றவனே கழற்றிவிடுவான். பிடிபட்டால் அதுவே கடன், வட்டியோடு. நற்பெயர் என்று இருப்புநிலைக் குறிப்பில் ஒரு தலைப்பு உண்டு. சம்பாதித்த நற்பெயர் ஒரு வகை, அடுத்தவர் வியாபாரத்தையே வாங்கும்போது கூட வரும் நற்பெயர் இன்னொரு வகை. ஐநூறு ரூபாய்க்குத் தனியாகப் பொட்டலம் கட்டி விற்கும் நற்பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது.

அப்போ வெள்ளக்கடைக்காரர் என்ன செய்யவேண்டும்?

முதலில் ஒரு கசப்பான விஷயம். 'ஏற்காடு ரிசார்ட்' என்ற சொல்லுக்கு அவர் முதலில் வரமாட்டார். வரவேண்டிய அவசியமும் இல்லை. அந்தச் சொல்லைத் தட்டுகிறவர் இன்னும் எதையும் முடிவு செய்யாதவர், நாற்பது இடம் பார்ப்பார், விலை குறைந்ததில் விழுவார். அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கான விடுதிகளும் கோடிக்கணக்கான விளம்பரப் பணமும் வைத்திருப்பவர்கள் ஆடுகிறார்கள். அங்கே போய் எட்டாயிரத்தோடு நிற்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அவருடைய மைதானம் வேறு. மலை ஏறும் முன் ஒரு குடும்பத் தலைவி என்னவெல்லாம் கேட்பார் என்று யோசியுங்கள்.

- இருபது கொண்டை ஊசி வளைவு இருக்காமே, வாந்தி எடுக்கும் குழந்தையோடு எந்த வழியில் வரலாம்? குப்பனூர் வழி எப்படி?
- ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடைக்கு பஸ் எத்தனை மணிக்கு? கடைசி பஸ் எப்போது?
- மழைக்காலத்தில் தோட்டம் வரை கார் வருமா, இல்லை பாதியில் நிறுத்தி நடக்கணுமா?
- டிரைவர் தூங்க இடம் உண்டா?
- முட்டி வலிக்கிற மாமியாருக்கு எத்தனை படி ஏறணும்?
- எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கும்?
- கிளியூர் அருவியில் இப்போ தண்ணீர் இருக்கா?
- ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்களே, ஏற்காட்டுக்கும் கேட்பார்களா?
- காபிப் பூ எப்போ பூக்கும்? பழம் பறிப்பதைப் பார்க்கணும் என்றால் எந்த மாதம் வரணும்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் மும்பையிலோ குர்கானிலோ உட்கார்ந்து தளம் நடத்துகிறவர்களிடம் பதில் கிடையாது. வெள்ளக்கடைக்காரருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பங்குனி, சித்திரை வாக்கில் ஒரு நல்ல மழை பெய்தால் ஒரு வாரம் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும் என்பது அவருக்குச் செய்தியே இல்லை, அன்றாடம். சென்னைக்காரருக்கு அது லீவு போட்டு வரவேண்டிய விஷயம். இதை அவர் தளத்தில் எழுதியிருக்கிறாரா? இல்லை. 'இயற்கையின் மடியில் ஓர் இனிய அனுபவம்' என்று எழுதியிருக்கிறார். அந்த வரி தமிழ்நாட்டில் உள்ள எல்லா விடுதித் தளத்திலும் இருக்கிறது.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். தலைப்பில் அந்தக் கேள்வியே இருக்கட்டும். பதில் முதல் பத்தியில் வரட்டும். கீழே எந்தத் தேதியில் எழுதியது என்று போடட்டும், பஸ் நேரம் மாறினால் திருத்தட்டும். அவர் எடுத்த படம், அவர் தோட்டத்துப் படம். இதுதான் மந்திரம், வேறு மந்திரம் கிடையாது.

அடுத்து ஊர்ப்பெயர். அவர் தளத்தில் எங்கு பார்த்தாலும் 'ஏற்காடு அருகில்' என்று இருக்கும். வெள்ளக்கடை என்ற சொல் ஒரு இடத்திலும் இராது, யாருக்குத் தெரியப்போகிறது என்று. போன மாதம் வந்து தங்கிப் போனவர் நண்பரிடம் "வெள்ளக்கடைன்னு ஒரு ஊருப்பா, அருமையா இருந்துச்சு" என்பார். நண்பர் அந்தப் பெயரைத்தான் தட்டுவார். போட்டியே இல்லாத சொல்லைச் சும்மா விட்டுவிட்டுப் போட்டி நிறைந்த சொல்லுக்குக் காசு கொடுப்பது என்ன புத்திசாலித்தனம்?

ஆங்கில எழுத்திலும் ஒரு சிக்கல். வெள்ளக்கடையை ஒருவர் ஒரு 'கே' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு 'கே' போடுவார். ஏற்காட்டையே வெள்ளைக்காரன் எழுதிய மாதிரியும் எழுதுகிறார்கள், நாம் சொல்லும் மாதிரியும் எழுதுகிறார்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் ஓரிடத்தில் இயல்பாகச் சொல்லிவிட்டு, ஒன்றையே எங்கும் ஒரே மாதிரி பயன்படுத்தினால் போதும். தளத்தில் ஒரு மாதிரி, வரைபடத்தில் ஒரு மாதிரி, பில்லில் ஒரு மாதிரி இருந்தால் இயந்திரம் மட்டுமில்லை, வருகிறவரும் குழம்புவார்.

சொல்லின் பொருளும் வழுக்கும். இந்த மலை மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். ஆனால் 'மலையாளி சமையல்' என்று மொட்டையாக எழுதினால் இயந்திரம் புட்டு கடலைக் கறியோடு கேரளாவுக்குப் போய்விடும். சேர்வராயன் மலை, ஏற்காடு, பழங்குடி என்று கூட நாலு சொல் இருந்தால்தான் இடம் புரியும். இதெல்லாம் தந்திரம் அல்ல, தெளிவாகப் பேசுவது.

அப்புறம் தமிழ். சேலத்திலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் செல்போனில் வாயால் சொல்லித் தேடுகிறவர்கள் தமிழில்தான் சொல்கிறார்கள். தளத்தில் ஒரு வரி தமிழ் இல்லை! ஆங்கிலம் இருக்கட்டும், பெங்களூர்க்காரர் வரவேண்டாமா? கூடவே தமிழும் இருக்கட்டும். "நமக்கு எழுத வராதுங்க" என்பார்கள். போனில் விருந்தாளி கேட்கும்போது என்ன பதில் சொல்கிறாரோ அதை அப்படியே டைப் அடிக்கச் சொல்லுங்கள். காலேஜ் படிக்கும் மகளோ பக்கத்து வீட்டுப் பையனோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.

மிச்சம் சில்லறை வேலைகள், எல்லாம் இலவசம். கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது. ஒரு காலத்தில் தபால் அட்டையில் எண் வரும்வரை காத்திருக்கவேண்டும், இப்போது பெரும்பாலும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள். உள்ளூர்த் தேடலில் மூன்று விஷயம் பார்ப்பதாகக் கூகிள் சொல்கிறது: கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த இடம். பொருத்தத்தை எழுதி உண்டாக்கலாம். தூரத்தை மாற்ற முடியாது. பேர் என்பது வந்து தங்கியவர்கள் சொல்வது, கிளம்பும்போது "ரெண்டு வரி எழுதுங்க" என்று கேட்டால் பாதிப்பேர் எழுதுவார்கள். திட்டி எழுதினாலும் மரியாதையாகப் பதில் போடவேண்டும், படிக்கிறவர்கள் அந்தப் பதிலைத்தான் பார்க்கிறார்கள். 'சர்ச் கன்சோல்' என்ற இலவசக் கருவியில் எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று தெரியும். எட்டாயிரம் வாங்குகிறவர் அனுப்பும் கலர் கலர் அறிக்கையில் பாதி அங்கிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

முக்கியமான ஒன்று: தளத்தின் பெயர் அவர் பெயரிலேயே பதிவாகி இருக்கவேண்டும். வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் பெயரில் இருந்தால், நாளை சண்டை வந்தால் கடைக்குப் பூட்டு அவர் கையில். 'இலவசமாகக் கிடைக்கிறதே' என்று அடுத்தவர் இடத்தில் குடிசை போடுவதும் ஆபத்து. சின்னக் கடைகளுக்காகக் கூகிள் இலவசமாகக் கொடுத்த ஒரு பக்கத் தளங்களை 2024 மார்ச்சில் கூகிளே மூடிவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில்.

"பெரியவங்க விடுவாங்களா?"

நியாயமான கேள்வி. கூகிள் ஒன்றும் தர்மப்பிரபு அல்ல. விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998 கட்டுரையில் எழுதியவர்களே பேஜும் பிரின்னும்தான்! பிறகு விளம்பரத்திலேயே உலகப் பணக்காரர்கள் ஆனார்கள்.

சென்னையில் பாரத் மேட்ரிமோனி நடத்தும் மேட்ரிமோனி.காம் நிறுவனமும், நுகர்வோர் அமைப்பான கட்ஸும் 2012ல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார்கள். 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. எல்லாக் குற்றச்சாட்டும் நிற்கவில்லை. ஆனால் விமானம் தேடுகிறவர்களைத் தன் சொந்தப் பக்கத்துக்கு இழுக்க முடிவுப் பக்கத்தில் தனக்கே நல்ல இடம் ஒதுக்கிக்கொண்டது போன்றவை நின்றன. கூகிள் மேல்முறையீட்டுக்குப் போனது. ஐரோப்பாவில் இதே மாதிரி விவகாரத்தில், பொருள் விலை ஒப்பிடும் தேடலில், 2017ல் 242 கோடி யூரோ அபராதம். அதை ஐரோப்பாவின் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் உறுதி செய்தது.

ஆகவே மைதானம் சமமாக இல்லை என்பது உண்மைதான். சரி, அதற்கு மருந்து எட்டாயிரம் ரூபாய் இடைத்தரகரா? மேட்ரிமோனி.காம் மாதிரி வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்த நிறுவனமே ஆறு வருஷம் காத்திருந்தது. சின்னவனுக்கு இருக்கும் ஒரே பலம், பெரியவனுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பதுதான். அதை விட்டுவிட்டுப் பெரியவன் ஆடும் ஆட்டத்தைத் திருட்டுத்தனமாக ஆடப்போனால் தோல்வியும் நிச்சயம், தண்டனையும் நிச்சயம்.

"இப்பல்லாம் கூகிளே பதில் சொல்லிடுதே, தளத்துக்கு யார் வருவாங்க?" என்று இன்னொரு கேள்வி. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் சில தேடல்களுக்கு மேலே வருகிறது. பொதுவான கேள்விகளுக்கு ஆட்கள் தளத்துக்கு வருவது குறையலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளக்கடைக்குக் கடைசி பஸ் எப்போது என்று அந்த இயந்திரத்துக்கு யார் சொல்லிக் கொடுப்பது? யாராவது ஒருவர் எழுதியிருந்தால்தானே அது சொல்லும்? பதிலைப் படித்தாலும் அறை வேண்டும் என்றால் போன் செய்துதானே ஆகவேண்டும்?

"எழுதினா எத்தனை நாள்ல வரும்?" நாளைக்கே வராது. மாதக்கணக்கில் ஆகும். காபிச் செடி நட்டவருக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நட்ட மூன்றாம் நாலாம் வருஷம்தானே காய் பார்த்தார்?

கடைசியாக

இது வெறும் மூன்று அறை வாடகை விஷயம் இல்லை.

ஏற்காடு என்று தேடினால் வருகிற பெயர்களைப் பாருங்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பகோடா பாயிண்ட். எல்லாம் வந்து போனவர்கள் வைத்த பெயர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி கொண்டுவந்த கதை எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தக் காபியை இரண்டு நூற்றாண்டாக நட்டு, களை எடுத்து, பறித்து, காயவைத்து, மூட்டை கட்டியவர்களின் ஊர்ப்பெயர்கள் எங்கே? 2019ல் குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு என்று ஐந்து ஊர்க் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் சேர்வராயன் மலை இல்லை. பெயர் இல்லாத சரக்கை அடுத்தவர் பெயரில்தான் விற்கவேண்டும்.

தேடுதலில் மேலே வருவது என்பது கடைசியில் பெயர் சொல்லும் வேலை. நாங்கள் இங்கே இருக்கிறோம், ஊருக்கு இந்தப் பெயர், வழி இது, எங்களிடம் இருப்பது இது என்று சொல்வது. அதை ஊர்க்காரர் சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் தன் வசதிக்குச் சொல்வார், கமிஷனும் எடுத்துக்கொள்வார்.

அடுத்த முறை அந்த போன் வரும்போது வெள்ளக்கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்:

"ஏங்க, எங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

பதில் தெரியாதவரிடம் தன் கடையைப் பற்றி எழுத எட்டாயிரம் கொடுப்பதா, தெரிந்த தானே உட்கார்ந்து எழுதுவதா? அவர் வீட்டில் ஒரு பிள்ளை உங்களோடு படிக்கலாம். சொல்லிப் பாருங்கள்.